தர்பூசணி மெத்தை

அத்தியாயம் 11

ஹாஜெர் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்ற முடிவுக்கு ரிஃபாத் வந்திருந்தார்.

கடற்கரைக்கு வந்து இறங்கியதுமே அவர் மனைவி நெர்மின் ஆரம்பித்துவிட்டாள். "கீழ் அறையாக் கேளுங்க. மாடி ஏறி முட்டி பிடிச்சுக்கிட்டா விடுமுறையே போச்சுன்னு ஹாஜெர் சொன்னா."

கேட்டார். கிடைத்தது.

"மாத்திரையை எல்லாம் பெட்டியில வைக்காம கைப்பையிலயே வெச்சுக்கணுமாம்." இது ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஹாஜெர் சொன்னது. வரும் வழியில் மர்மரிஸில் பஸ் மாறியபோது பெட்டி வேறு எங்கோ போய் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் பத்திரமாக நெர்மினின் மடியில் இருந்தது. அன்றிலிருந்து ரிஃபாத் மறுபேச்சு பேசவில்லை. கூழாங்கல் கரையில் நடக்க ரப்பர் செருப்பு வாங்கினார். உச்சி வெயிலில் அறையை விட்டு நகரவில்லை. தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட மோரைக் குடித்தார். மீன் சாப்பிட உட்காரும் முன் விலையைக் கேட்டார்.

"அவ நம்ம சிவாஸைத் தாண்டி எங்கயும் போனதில்லையே. இதெல்லாம் எப்படித் தெரியுது அவளுக்கு?"

"டிவியில பாக்கிறா" என்றாள் நெர்மின், ரொட்டியைப் பிய்த்தபடி.

"பாரு, பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு இருக்கிற அக்கறை நம்ம வயித்துல பொறந்ததுக்கு இல்ல."

நெர்மின் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள்.

வயிற்றில் பிறந்தது யாரென்று நம்மோடு ஆரம்பத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. ரிஃபாத் அக்தாஷ் சிவாஸில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் குல்தென். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அப்பாவின் ரயில்வே சிநேகிதர் மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடலோர ஊர் ஒன்றுக்குக் கப்பல் வேலைக்குப் போய்விட்டாள். "கடல்ல கயிறு இழுக்கிறவ எனக்குப் பொண்ணு இல்ல" என்றார் அவர். எந்த ஊர், எந்தக் கப்பல் என்று கேட்கக்கூட இல்லை.

நெர்மின் கேட்டு வைத்திருந்தாள். துருக்கியில் எத்தனையோ கரை இருக்க, முதல் கடற்கரை விடுமுறைக்கு தாச்சா முனையில் உள்ள இந்தப் பாலாமுத்பூகு விரிகுடாவை அவள் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். மலைக்கு அந்தப் பக்கம் கொர்மென் துறைமுகம். போத்ருமிலிருந்து கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் அங்கே வந்து போகும் கப்பலில்தான் குல்தென் இருக்கிறாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெர்மினின் போனில் 'ஹாஜெர்' என்று பதிந்திருக்கும் எண் ஹாஜெருடையது அல்ல.

நிஜ ஹாஜெர் சிவாஸில் நிம்மதியாகத் தக்காளி காய வைத்துக்கொண்டிருந்தாள்.

*

அன்று காலையும் 'ஹாஜெரி'டமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நெர்மின் போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினாள். ரிஃபாத்தும் சர்க்கரை கேட்டுப் பின்னாலேயே வந்தார். அவள் போனைப் பையில் போட்டுவிட்டாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்தே போனாள்.

மறக்க வைத்தது மெத்தை. விடுதிக்காரி ஃபெரிஹா கொண்டுவந்து போட்டாள். காற்றடைத்த மிதவை மெத்தை, அசல் தர்பூசணித் துண்டு மாதிரி. சிவப்புச் சதை, கறுப்பு விதை, பச்சைத் தோல்.

"அக்கா, ஒரு தடவை இதுல படுத்துப் பாருங்க. ஊருக்குத் திரும்பிப் போக மனசே வராது."

"அறுபத்தாறு வயசுல தர்பூசணி மேல படுக்கப் போறாளாம்" என்றார் ரிஃபாத்.

"உங்களை மாதிரி நாலு நாளா பேன்ட்டைக் கழட்டாம குடைக்கு அடியில உக்காந்திருக்கணுமா?" என்றாள் நெர்மின். "கடலைப் பாக்க வந்துட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அது உண்மைதான். அவர் நாற்காலியை மலைப் பக்கமாகத்தான் போட்டிருந்தார். கடல் அவரிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டது போலவும், அதன் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை என்பது போலவும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நெர்மினும் கேட்டதில்லை.

மதியம் தாண்டியது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சலுடை, தலைக்கு ஒரு தொப்பி. நெர்மின் முழங்கால் தண்ணீரில் மெத்தை மேல் சாய்ந்தாள். மெத்தையில் கட்டியிருந்த கயிற்றின் நுனியை ரிஃபாத் கரையில் பிடித்துக்கொண்டார். நீச்சல் இருவருக்குமே தெரியாது.

"விட்டுடாதீங்க."

"முப்பது வருஷம் ரயிலையே பிடிச்சவன். போ."

தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. நெர்மின் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைக் காலத்துக்குப் பிறகு யாரும் அவளை இப்படித் தாலாட்டியதில்லை.

ரிஃபாத்துக்குத் தேநீர் வேண்டியிருந்தது. கொண்டுவந்து கொடுக்க ஆள் யாரும் கண்ணில் படவில்லை. கயிற்றின் மேல் ஒரு கல்லை வைத்தார். நல்ல கனமான கல்தான். உணவகத்துக்கு நடந்தார். அங்கே ஒருவர் சிவாஸ்காரர் என்று தெரிந்ததும் இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்து நேரம் போனதே தெரியவில்லை.

மலையிலிருந்து காற்று கிளம்பியது அப்போதுதான்.

அந்தக் கரையில் வடக்குக் காற்றுக்கு ஒரு கெட்ட குணம். மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குள் அடிக்கும். கரையோரத்தில் அலையே இருக்காது, பார்த்தால் சாதுவாகத் தெரியும். மிதக்கிற எதையும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு ரிஃபாத் திரும்பி வந்தார். கல் இருந்தது. கயிறு இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். வெகு தூரத்தில், தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும் இடத்தையும் தாண்டி, சிவப்பாக ஒரு பொட்டு.

*

கோப்பைகள் எப்போது கையிலிருந்து விழுந்தன என்று அவருக்குத் தெரியாது.

"நெர்மின்!"

காற்று அந்தப் பெயரையும் கடலுக்குள்தான் கொண்டுபோனது. அவர் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். பேன்ட் நனைந்து காலைக் கட்டியது. அப்போது குடைக்குக் கீழே இருந்த பைக்குள் நெர்மினின் போன் அடித்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும், யாராக இருந்தாலும் சரி. பாய்ந்து போய் எடுத்தார். திரையில் 'ஹாஜெர்'.

"ஹாஜெர்! நெர்மின் போயிட்டா... கடல் இழுத்துக்கிட்டுப் போகுது... கல்லைத்தான் வெச்சேன், கனமான கல்லு..."

 அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஹாஜெரின் குரல் இல்லை.

"அப்பா?"

ரிஃபாத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பா, நான்தான். அம்மா கண்ணுக்குத் தெரியறாங்களா?"

"தெ... தெரியறா. சின்னதா. நான் போறேன், நான் போய்..."

"தண்ணில இறங்காதீங்க!" அந்த அதட்டலில் அவர் கால் தானாகப் பின்வாங்கியது. "நீங்களும் போனா நாங்க ரெண்டு பேரைத் தேடணும். அம்மா மேலேருந்து கண்ணை எடுக்காதீங்க. அங்க படகு யாருகிட்ட இருக்கு?"

"ஃபெரிஹா. விடுதிக்காரி."

"திரும்பிப் பாக்காம கத்துங்க."

ரயில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை அது. "ஃபெரிஹா!" என்ற கூச்சலில் உணவகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஃபெரிஹா கையில் கத்தரிக்காயோடு வெளியே ஓடி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, படகுகள் கட்டியிருந்த கோடிக்கு அப்படியே ஓடினாள்.

"ஓடறா. படகுக்குத்தான் ஓடறா" என்றார் போனில்.

"நல்லது. இப்ப எதுமேலயாவது ஏறுங்க. உயரமா. அம்மாவைப் பாத்துக்கிட்டே ஏறணும்."

இரண்டு பேர் ஒரு மேசையை இழுத்து வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை மேலே ஏற்றினார்கள்.

"ஏறிட்டேன்."

"கையை நீட்டி அம்மா இருக்கிற திசையைக் காட்டுங்க. எடுக்கவே கூடாது. படகுல போறவங்க தாழ்வா இருப்பாங்க, அலைக்கு நடுவுல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கையைப் பாத்துத்தான் போவாங்க. நான் இன்னொரு போன்ல கடலோரக் காவலுக்குச் சொல்றேன். இதை வைக்க மாட்டேன். லைன்லயே இருக்கேன்."

நனைந்த பேன்ட்டும் உள்பனியனுமாக ஒரு கிழவர் மேசை மேல் நின்று கடலைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இன்று எல்லோரும் அந்தக் கை காட்டிய பக்கமே பார்த்தார்கள்.

ஃபெரிஹாவின் படகு உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் இடது பக்கம் விலகியது. அங்கே ஒன்றுமே இல்லை.

"தப்பாப் போறா! வலது பக்கம் போகணும்!"

"அவங்க திரும்பிப் பாப்பாங்க. நீங்க கையை மட்டும் நேரா வைங்க."

ஃபெரிஹா திரும்பிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். படகு வலது பக்கம் வளைந்தது.

வெள்ளை நுரைகளுக்கு நடுவே சிவப்புப் பொட்டு மறைந்தது. தெரிந்தது. மறுபடி மறைந்தது. இந்தத் தடவை வரவில்லை.

"காணோம்" என்றார். "குல்தென், காணோம்மா."

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. அதை அவர் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவள் கவனித்தாள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டது போனில் கேட்டது.

"கடைசியாப் பாத்த இடத்தையே காட்டுங்கப்பா. பனி கொட்டும்போது சிக்னல் மறைஞ்சு போகும், ஆனா அங்கதான் இருக்கும்னு சொல்லுவீங்களே. அப்படிப் பாருங்க."

"கை வலிக்குது."

"வலிக்கட்டும். கீழ மட்டும் போட்டுடாதீங்க."

அவர் போடவில்லை.

*

நெர்மின் விழித்தபோது முதலில் பட்டது குளிர். இரண்டாவதாக, கரை ஒரு விரல் தடிமனுக்குச் சுருங்கிக் கிடந்தது.

கத்தினாள். பிரயோசனம் இல்லை. மெத்தை ஒவ்வொரு அலைக்கும் நுனியைத் தூக்கியது. இறங்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கரை அங்கேதான் தெரிகிறது, கையைக் காலை அடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் போல.

போன வாரச் செய்தி ஒன்றில் குல்தென் சொன்னது காதில் கேட்டது. 'என்ன ஆனாலும் மிதக்கிறதை விட்டு இறங்காதீங்கம்மா. தேடி வர்றவங்களுக்கு அதுதான் கண்ணுல படும். தலை படாது.'

நெர்மின் குப்புறப் படுத்தாள். இரண்டு கையாலும் மெத்தையைக் கட்டிப்பிடித்தாள். அறிந்த பிரார்த்தனை எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் வேறொரு பயம் வந்து புகுந்தது. 'ஐயோ, போன் பையில இருக்கே. அவ கூப்பிட்டு இவர் எடுத்துட்டா?' செத்துப்போகப் போகிற நேரத்தில் இதற்கா பயப்படுவது என்று அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

மோட்டார் சத்தம் வெகு அருகில் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினாள். "அக்கா! கையைக் குடுங்க அக்கா! மெத்தை போனா போகட்டும், விடுங்க!" என்று ஃபெரிஹா கத்திக்கொண்டிருந்தாள். நெர்மினின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளைப் படகுக்குள் இழுக்க வேண்டியிருந்தது.

*

படகில் தன் மனைவியின் தொப்பியைப் பார்த்த பிறகும் ரிஃபாத் கையை இறக்கவில்லை. "போதும் பெரியவரே, வந்துட்டாங்க" என்று யாரோ சொல்லி, கையைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார்கள்.

"வந்துட்டா" என்றார் போனில். "உக்காந்திருக்கா. தொப்பி இருக்கு."

அந்தப் பக்கம் குல்தென் அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் உத்தரவு போட்ட குரல் அது என்று நம்ப முடியாது.

"அப்பா, நான் வைக்கட்டுமா? அம்மாவைப் பாத்துக்குங்க."

"வைக்காதே" என்றார் ரிஃபாத். "லைன்லயே இரு."

நெர்மினைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒரு கீறல் இல்லை. பல் மட்டும் கிடுகிடுத்தது. ரிஃபாத் அவள் முன்னால் கூழாங்கல்லில் மண்டியிட்டு, அவள் பாதங்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவள் விரலைக்கூடத் தொட்டதில்லை.

"கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறேன்னீங்களே" என்றாள் அவள்.

"தேநீர் வாங்கப் போனேன்."

"தேநீர் எங்க?"

"கொட்டிப்போச்சு."

நெர்மினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. ரிஃபாத் அவள் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்தார்.

"ஹாஜெர் கூப்பிட்டா" என்றார்.

நெர்மினின் அழுகை சட்டென்று நின்றது.

"நல்லாத்தான் வேலை தெரியுது அவளுக்கு" என்றார் ரிஃபாத், கண்ணைப் பாதத்திலிருந்து எடுக்காமல். "டிவியில பாத்தாளாம்?"

"என்னங்க... நான்..."

"இந்தா. பேசு." போனை அவள் காதில் வைத்தார். "காலையில ஏதோ அனுப்பினாளாம், நீ கேக்கலையாம். மத்தியானத்துக்கு மேல காத்து கிளம்பும், மிதக்கிறது எதுலயும் ஏறாதீங்கன்னு. உன்னைத் திட்டணும்னு காத்துக்கிட்டு இருக்கா."

ஃபெரிஹா இதற்குள் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். நன்றி சொல்லப் போன ரிஃபாத்தைப் பேசவிடவில்லை. "அண்ணா, என்னை விடுங்க. நடுக்கடல்ல எனக்கு ஒரு மண்ணும் தெரியல. உங்க கையைப் பாத்துத்தான் போனேன்."

ரிஃபாத் தேநீரைக் குடித்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கப்பல்ல இருக்கா?" என்று கேட்டார்.

நெர்மின் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கம். சாயங்காலக் கப்பலில் வருவாள்.

"இவ்வளவு பக்கத்திலயா?" அவர் குனிந்து தன் நனைந்த பேன்ட்டைப் பார்த்தார். "காய்ஞ்ச பேன்ட் ஒண்ணு எடுத்துக் குடு."

*

ஃபெரிஹாவின் காரில் மலையைத் தாண்டி கொர்மென் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கப்பல் துறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் வாய் திறந்து இரும்புப் பாலம் இறங்க, ஆரஞ்சுச் சட்டைக்காரி ஒருத்தி தடித்த கயிற்றைச் சுழற்றி வீசினாள். கரையில் நின்ற ஆள் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை, கைக்கே போய்ச் சேர்ந்தது.

"அவதான்" என்றாள் நெர்மின்.

"தெரியுது."

அவள் அவர்களைப் பார்த்துவிட்டாள். ஓடி வரப் போகிறாள் என்று நெர்மின் நினைத்தாள். குல்தென் உள்ளங்கையை மட்டும் காட்டினாள். இருங்க. ஒவ்வொரு காராகக் கைகாட்டி வெளியே அனுப்பினாள். கடைசி லாரி இறங்கும் வரை அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

ரிஃபாத்துக்குக் கோபம் வருமோ என்று நெர்மின் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரியாத்தான் செய்யறா. வேலை முடியாம இறங்கக் கூடாது."

பிறகு குல்தென் வந்தாள். வந்தவள் இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டாள். பெரியவர்களை வணங்கும் முறைப்படி அப்பாவின் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைக்கக் குனிந்தாள். அவர் விடவில்லை. தோளைப் பிடித்து இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். டீசலும் உப்பும் மணத்தன.

"கை வலிக்குதாப்பா?"

"வலிக்குது" என்றார். "நல்லா வலிக்குது."

நெர்மின் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூவரும் துறைமுகத்தின் நடுவில் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். போகிற வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விலகியபோதுதான் ரிஃபாத் அதைப் பார்த்தார். ஆரஞ்சுச் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டை. குல்தென் என்பது சரி. அதற்குப் பின்னால் அக்தாஷ் என்று இல்லை.

குல்தென் எரென்சோய்.

ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் கல்யாணம் ஆகாமல் மாறிவிடாது. அவர் நெர்மினைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அந்தப் பட்டையைத்தான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் தெரியாது.

குல்தென் பட்டையைக் கையால் மறைத்தாள். தாமதமாகத்தான் மறைத்தாள். "அப்பா... நான் இன்னிக்குச் சொல்லணும்னுதான்... எப்படி ஆரம்பிக்கிறதுன்னு..."

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ரிஃபாத்தாக இருந்தால் துறைமுகமே அதிர்ந்திருக்கும். அந்தப் பழைய சூடு இப்போதும் தொண்டை வரை வந்தது. நெர்மினுக்கு அது தெரிந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் இன்னும் சில்லென்று இருந்தன.

அந்தச் சில்லிப்பு பட்டதும் அவர் மூச்சை விட்டார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"வா. முதல்ல சாப்பிடலாம்."

திரும்பி நடக்கப் போனவர் நின்றார். கப்பலின் மேல்தளத்தில், கம்பியைப் பிடித்தபடி, உயரமான ஆள் ஒருவர் இவ்வளவு நேரமும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காது ஓரம் நரைத்திருந்தது. குல்தெனை விடப் பத்துப் பதினைந்து வயதாவது மூத்தவராக இருப்பார்.

"மேல நிக்கிறவரும் இன்னும் சாப்பிடல போலிருக்கே" என்றார் ரிஃபாத்.

குல்தென் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மேலே பார்த்து மெல்லக் கையசைத்தாள்.

அந்த மனிதர் அசையவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, படியில் முதல் காலை வைத்தார்.